அறுபத்து மூன்று கோடுகள்

ஏப்ரல் 8, திங்கள்

என் மனைவி லூர்து தன் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த மருந்துக் கம்பெனி டைரி இது. ஜனவரியிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மேல் சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நெஞ்செரிச்சல் மாத்திரையின் பெயர் அச்சாகியிருக்கிறது. இன்று எனக்கு இருக்கும் எரிச்சலுக்கு இதைவிடப் பொருத்தமான டைரி கிடைக்காது.

காலையில் இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள்.

"இந்தத் தடவை நிஷாந்த் சார் பேட்ச்ல உக்காரலாம்னு இருக்கேங்க."

"ஏன், என் பேட்ச்சுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. டைம் ஒத்து வருது."

இரண்டு பேட்சும் ஒரே நேரம். மாலை நாலரையிலிருந்து ஆறரை. என்னிடமே இப்படிச் சொல்கிறாள்.

இருதயராஜ் என்றால் திருச்சியில் ஜெர்மன் படித்த யாருக்கும் தெரியும். பதினான்கு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நர்ஸுகள். ஜெர்மனிக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் பரீட்சையில் வாசிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது நான்கிலும் தேற வேண்டும். என் மனைவியும் நர்ஸ்தான். ஜனவரியில் எழுதினாள். மூன்றில் பாஸ். பேச்சில் மட்டும் நாற்பத்தொன்று, அறுபது வேண்டும். பரீட்சை அறையில் வாயே திறக்கவில்லையாம். மே 25-இல் மறுபரீட்சை. அவளுக்கு வேலை தருவதாகச் சொன்ன ஜெர்மன் ஆஸ்பத்திரி ஜூன் கடைசி வரைதான் காத்திருக்கும். இது போனால் அது போயிற்று.

ஜெர்மன் வாத்தியார் பெண்டாட்டி ஜெர்மனில் பெயில். இதையே நான் மூன்று மாதமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறேன். இப்போது இது.

ஏப்ரல் 10, புதன்

நிஷாந்துக்கு வயது இருபத்தெட்டு. கரூர்க்காரன். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். நான் தேறிய பரீட்சைகளில் பாதியைக்கூட அவன் எழுதியதில்லை. பிப்ரவரியில் எங்கள் பயிலகத்தில் சேர்ந்த அன்றே பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டான். தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னானாம், அங்கே அதுதான் வழக்கமாம். நம் நர்ஸுகள் கேட்பார்களா? 'நிஷாந்த் சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த மட்டில் எனக்கு ஒரு திருப்தி.

அவன் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். இன்று நான் போர்டில் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் கொல்லென்று சிரிப்பு. இருபது பேர் சிரிப்பில் ஒன்று எனக்குத் தெரிந்த சிரிப்பு. கல்யாணமான புதிதில் கேட்டது. என் வகுப்பில் எல்லாரும் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தடுப்பைப் பார்த்தார்கள்.

"போர்டப் பாருங்க" என்றேன். பார்த்தார்கள். கொஞ்ச நேரம்.

ஏப்ரல் 12, வெள்ளி

சிலிண்டர் வந்தது. லூர்துவுக்கு நைட் டூட்டி. சாம்பாரை நானே சூடுபண்ணிக்கொண்டேன்.

ஃபிரிட்ஜ், மிக்ஸி, அரிசி டப்பா, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றிலும் மஞ்சள் சீட்டு ஒட்டி ஜெர்மனில் ஏதேதோ எழுதி வைத்திருக்கிறாள். அவன் கொடுத்த வீட்டுப்பாடம். வெறும் பெயர் இல்லை, அந்தப் பொருளைப் பார்த்துத் தினமும் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம். கண்ணாடியில் ஒட்டியிருந்ததில் பிழை. சிவப்புப் பேனாவால் திருத்தினேன்.

ஏப்ரல் 13, சனி

கண்ணாடியில் இருந்த சீட்டைக் காணோம். மற்றதெல்லாம் இருக்கிறது.

ஏப்ரல் 15, திங்கள்

டைரக்டர் ஹேமா மேடம் கூப்பிட்டார். ஜூனிலிருந்து எல்லா பேட்சுக்கும் ஒரே முறையில் பாடம் நடக்க வேண்டுமாம். என் முறையா, நிஷாந்த் முறையா என்று பார்க்க வேண்டுமாம். யார் முறையோ அவர்தான் மற்ற வாத்தியார்களுக்கும் தலைவர்.

"நீங்கதான் சீனியர். ரெண்டு நாள் அவர் கிளாஸ்ல பின்னாடி உக்காந்து பாருங்க, உங்க பேட்ச நான் பாத்துக்கிறேன். பாத்து ஃபார்ம்ல எழுதிக் குடுங்க. நீங்க எழுதுறத நான் அப்படியே எடுத்துக்குவேன்."

அவரே என் கையில் எடுத்துக் கொடுக்கிறார். நானா கேட்டேன்?

என் முறை சுருக்கமானது. பரீட்சையில் வரக்கூடிய இருபத்திரண்டு தலைப்புக்கும் பிழையே இல்லாத பதில்களை எழுதி வைத்திருக்கிறேன். அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் தவறினாலும் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவேன். 'சார் புக்கு' என்ற பெயரில் ஊரெல்லாம் அதற்கு ஜெராக்ஸ் ஓடுகிறது. பொறாமைப்பட வேண்டியது நிஷாந்த்தான். நான் இல்லை.

ஏப்ரல் 17, புதன்

இன்று அவன் வகுப்பில் மூலையில் உட்கார்ந்தேன். லூர்து என்னைப் பார்த்ததும் துப்பட்டாவைச் சரிசெய்தாள். பெண் பார்க்கப் போனபோதுகூட அவள் முகம் அப்படி இறுகவில்லை.

வராந்தாச் சுவரில் ஒரு கடிதத்தை ஒட்டியிருந்தான். இரண்டிரண்டு பேராக ஜோடி. ஒருத்தி வராந்தாவுக்கு ஓடிப்போய் ஒரு வரியை வாசித்து, மனதில் வைத்துக்கொண்டு ஓடிவந்து சொல்ல வேண்டும். மற்றவள் எழுத வேண்டும். பாதியில் மறந்தால் மறுபடி ஓட வேண்டும். ஐ.சி.யூ.வில் பத்து வருஷம் வேலை பார்த்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், இடுப்பில் துப்பட்டாவைச் செருகிக்கொண்டு ஓடுகிறார்கள். கீழே இருக்கும் பேக்கரிக்காரர் மேலே ஏறி வந்து, "என்ன சார், ஏதும் விழுந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அது முடிந்ததும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வைத்தான். ஒருத்தி தன் கையிலிருக்கும் படத்தைச் சொல்ல, மற்றவள் பார்க்காமல் வரைய வேண்டும். லூர்து சொன்னதைக் கேட்டு அவள் ஜோடி ஸ்டெல்லா வரைந்த கட்டிலுக்கு ஐந்து கால். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நான் ஒரு வேலை செய்தேன். லூர்து வாயில் வந்த ஒவ்வொரு பிழைக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு கோடு. நான்கு நேர்க்கோடு, ஐந்தாவது குறுக்கே. மொத்தம் அறுபத்து மூன்று. மேலே இருக்கிறது, யாரும் எண்ணிப் பார்க்கலாம். அறுபத்து மூன்று தடவையும் நிஷாந்த் வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தான். கையில் வைத்திருந்த சின்னச் சீட்டுகளில் எதையோ கிறுக்கினான்.

வகுப்பு முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது எழுந்து வந்துவிட்டேன். பார்த்தவரை போதும்.

வீட்டில் கேட்டாள். "கிளாஸ் எப்படிங்க இருந்துச்சு?"

"நல்லா ஓடுற" என்றேன்.

ஏப்ரல் 22, திங்கள்

இரண்டாவது நாள். எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

இன்றைய பயிற்சி, வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றிப் பேசுவது. முதலில் ஒருத்தியிடம் நான்கு நிமிஷம். பிறகு எழுந்து வேறொருத்தியிடம் அதையே மூன்று நிமிஷத்தில். பிறகு இன்னொருத்தியிடம் இரண்டே நிமிஷத்தில். நேரம் குறையக் குறையத் திக்கல் குறையும், தேவையில்லாதது உதிரும் என்பது அவன் கணக்கு.

நான் தாமதமாகத்தான் போனேன். லூர்து என் மூலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் இருப்பது இரண்டு பேர்தான். யாரைப் பற்றிப் பேசுவாள்?

நான்கு நிமிஷத்தில் நான் ஆசிரியர், எனக்கு நெத்திலி பிடிக்கும், சட்டையை நானே தேய்த்துக்கொள்வேன், நிறையத் தெரிந்தவன் என்றெல்லாம் சொன்னாள். நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நிமிஷத்தில் நெத்திலி போயிற்று, சட்டை போயிற்று. இரண்டு நிமிஷத்தில் இது மட்டும் மிஞ்சியது. தமிழில் எழுதுகிறேன்.

'என் கணவர் நல்லவர். நான் பேசினால் அவர் பிழையைக் கேட்கிறார். நான் சொன்னதைக் கேட்பதில்லை. அதனால் நான் குறைவாகப் பேசுகிறேன். ஜெர்மனில் மட்டும் இல்லை. வீட்டில் தமிழிலும்.'

எதிரில் இருந்தவள் அவள் முழங்கையைத் தொட்டாள். லூர்து, பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டினாள்.

மூன்றாவது தடவை கோடு போட மறந்துவிட்டேன்.

நான் பின்னால் இருப்பது தெரிந்து பேசினாளா, தெரியாமல் பேசினாளா என்று தெரியவில்லை. இரண்டில் எது மோசம் என்றும் தெரியவில்லை. பதினொரு வருஷமாக என்னிடம் சொல்லாததை அந்தப் பயல் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து ஊர் பேர் தெரியாதவளிடம் சொல்கிறாள். வயிறு எரிகிறது. வகுப்பு முடியும்வரை இருக்கவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

"ஏன் பேசவே மாட்டேங்கிறீங்க?" என்றாள். தலைவலி என்றேன். மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வைத்துவிட்டு டூட்டிக்குப் போனாள்.

ஏப்ரல் 30, செவ்வாய்

காய்ச்சல். லீவு.

மே 1, புதன்

நேற்று லூர்துவுக்கு வேலை தருகிற அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஜெர்மன் அம்மாள் பயிலகத்துக்கு வந்திருந்தார்களாம். நிஷாந்த்தான் கூடவே இருந்து பேசினானாம். மலைக்கோட்டைக்கும் அழைத்துப் போனானாம்.

"உங்களையும் கேட்டாங்க" என்றாள் லூர்து.

"காய்ச்சல்னு சொல்லிருக்கலாமே."

"நான் நர்ஸுங்க. தொண்ணூத்தெட்டு புள்ளி நாலுக்கு என்னன்னு சொல்றது?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஒவ்வொரு தடவையும் ஜெர்மன்காரங்க வர்ற அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்துருது."

தற்செயல். பதினான்கு வருஷத்தில் ஐந்தாறு தடவை வந்திருப்பார்கள். ஐந்தாறு தடவையும் உடம்புக்கு முடியாமல் போனால் நான் என்ன செய்வது?

இவள் பாஸாகிப் போய், பிறகு என்னையும் கூப்பிட்டால், அங்கே நான் யார்? இங்கே 'சார் புக்கு' இருதயராஜ். அங்கே ஐந்து வயதுப் பிள்ளைக்கும் என்னைவிட நன்றாக ஜெர்மன் வரும்.

மே 2, வியாழன்

ஃபார்மை எழுதிக் கொடுத்துவிட்டேன். 'வகுப்பில் இரைச்சல். விளையாட்டு அதிகம். மாணவர்களின் பிழைகள் கடைசிவரை திருத்தப்படுவதே இல்லை.' அத்தாட்சியாக, ஒரே மாணவி ஒரே நாளில் அறுபத்து மூன்று பிழை என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். மாணவியின் பெயரை எழுதவில்லை.

வரும் வழியில் லூர்துவுக்குப் பிடிக்குமே என்று அரைக்கிலோ நாவல்பழம் கேட்டேன், சீசன் இல்லை. நுங்கு வாங்கி வந்தேன்.

மே 6, திங்கள்

நிஷாந்தை ஆரம்ப வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். அவனுடைய பேட்ச் பரீட்சை வரைக்கும் எனக்கு, என் பேட்ச் அதுவரை காலையில். ஜெயித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சாவியைக் கொடுக்கும்போது நிஷாந்த் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சீட்டெல்லாம் அலமாரில இருக்கு சார். தேதி போட்டு வச்சிருக்கேன்" என்றான். என்ன சீட்டு என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் லூர்து நேரே அடுப்படிக்குப் போனாள். "தலைவலியா?" என்று நான்தான் கேட்டேன். இல்லை என்றாள்.

மே 7, செவ்வாய்

பெஞ்சுகளைப் பழைய இடத்தில் போடச் சொன்னேன். போட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒன்பதாவது தலைப்பை ஒப்பிக்க லூர்துவை எழுப்பினேன். இரண்டு சொல் சரி, மூன்றாவது தவறு. நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தாள். அதே இடத்தில் நின்றாள்.

"ஸாரி சார்" என்றாள்.

வகுப்பில் சார் என்றுதான் கூப்பிட வேண்டும், முன்பும் அப்படித்தான். ஆனாலும் இன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது அந்த 'சார்' காதிலேயே இருந்தது.

மே 9, வியாழன்

வெயில் தாங்க முடியவில்லை. தண்ணீர் கேன்காரன் வரவில்லை.

இன்று வகுப்பில் இரண்டு மணி நேரமும் லூர்துவுக்குக் கோடு போட டைரியைத் திறந்து வைத்திருந்தேன். முடிவில் பார்த்தால் ஒரு கோடுகூட இல்லை. பூஜ்யம் என்று எழுதினேன். பதினான்கு வருஷமாக நான் விரும்பிய மதிப்பெண் இதுதான். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிழை இல்லை. பேச்சே இல்லையே, பிழை எங்கிருந்து வரும்?

மே 10, வெள்ளி

மார்க்கர் தேடி அலமாரியைத் திறந்தேன். ரப்பர் பேண்ட் போட்ட சீட்டுக் கட்டுகள், ஒவ்வொன்றிலும் தேதி. ஏப்ரல் 17 கட்டை அவிழ்த்தேன். இருபத்தாறு சீட்டு. ஒவ்வொன்றின் முன்பக்கமும் நிஷாந்த் கையெழுத்தில் யாரோ பேசிய ஒரு தவறான வாக்கியம், பேர் போடாமல். பின்பக்கம் மாணவிகளின் கையெழுத்தில் அதே வாக்கியம், திருத்தமாக.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கடைசிக் கால் மணி நேரம் அதாங்க சார் பண்ணுவோம். சீட்டக் கலைச்சு ஆளுக்கொண்ணு எடுப்போம். யாரு சொன்னதுன்னே தெரியாது. நாங்களே பேசித் திருத்திக்குவோம். வராததுக்கு மட்டும் நிஷாந்த் சார் சொல்லுவாரு."

கடைசிக் கால் மணி நேரம்.

இருபத்தாறில் ஏழு லூர்து சொன்னவை. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அறுபத்து மூன்றில், கேட்கிறவருக்கு அர்த்தம் புரியாமல் செய்கிற ஏழு பிழைகளை மட்டும் பொறுக்கியிருக்கிறான். மற்ற ஐம்பத்தாறையும் காதில் வாங்கிக்கொண்டே, அவள் பேச்சு அறுந்துவிடக் கூடாதென்று விட்டிருக்கிறான். நான் ஒன்றைக்கூட விடவில்லை. ஒன்றைக்கூட அவளுக்குச் சொல்லவும் இல்லை. டைரக்டருக்குச் சொன்னேன்.

ஏழு சீட்டின் பின்பக்கமும் சரியாக இருந்தது. அதிலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கட்டுகளை எடுத்து அலமாரியின் அடித்தட்டில் பழைய பேப்பருக்குக் கீழே வைத்துப் பூட்டினேன்.

மே 11, சனி

லூர்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"போகாட்டியும் பரவால்லீங்க. இங்கயே இருந்துக்கலாம். எனக்கு அது வராது."

ஒரு வருஷமாக இந்த வார்த்தையைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலில் முழங்காலிட்டு வெளியே சொல்லாமல் கேட்டதும் இதைத்தான். அதை இங்கே எழுதிவிடுகிறேன். அவள் பெயிலாக வேண்டும் என்று வேண்டவில்லை. போகக் கூடாது என்று வேண்டினேன். இரண்டும் ஒன்றுதான் என்று இப்போது தெரிகிறது.

கேட்டது கிடைத்துவிட்டது. அவள் என் சட்டையை நான்காக மடித்து, மேலே கையால் ஒரு தட்டுத் தட்டி வைத்தாள். எனக்குச் சந்தோஷமாக இல்லை.

மே 13, திங்கள்

ஹேமா மேடம் அறைக்குப் போனேன். ஏதோ கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிடலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"ஃபார்ம்ல நான் எழுதுனது தப்பு மேடம். கடைசிக் கால் மணி நேரம் நான் கிளாஸ்ல இல்ல. அவர் திருத்துறாரு. நான்தான் பாக்கல."

சீட்டுக் கட்டுகளை மேசையில் வைத்தேன். அவர் ஒன்றிரண்டைப் புரட்டினார்.

"பாக்காம ஏன் சார் எழுதுனீங்க?"

"பொறாமை மேடம்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பேட்ச் இன்றே நிஷாந்திடம் திரும்பிப் போகும் என்றார். ஜூனிலிருந்து எல்லாருக்கும் அவன் முறைதான் என்றார். நான் இதற்குப் பிறகு யார் வகுப்புக்கும் ஃபார்ம் எழுத வேண்டாம் என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

நிஷாந்திடமும் போய்ச் சொன்னேன். பெருந்தன்மையாக ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"பரீட்சைக்குப் பன்னெண்டு நாள்தான் சார் இருக்கு. ஒரு வாரத்தக் காலி பண்ணிட்டீங்க." என்றான். "உங்க மேல கோவம் இருக்கு. அத அப்புறம் வச்சுக்குவோம். ஸ்டெல்லாக்கா ஷிஃப்ட் மாறிட்டாங்க, லூர்தக்காவுக்கு ஜோடி இல்ல. நீங்க வந்து உக்காருங்க. வாத்தியாரா இல்ல, ஜோடியா."

மே 16, வியாழன்

எனக்கு ஒரு தாள், லூர்துவுக்கு ஒரு தாள். இரண்டிலும் ஒரே வாரம், ஆனால் என் வேலைகள் என் தாளில், அவள் வேலைகள் அவள் தாளில். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. கேட்டுக் கேட்டு, இரண்டு பேருக்கும் ஒழிகிற ஒரு நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நிஷாந்த் எனக்கு மட்டும் தனியாக ஒரு விதி சொன்னான். "திருத்துனா நீங்க அவுட்டு சார்."

புதன்கிழமை மாலை உங்களுக்கு ஒழியுமா என்று லூர்து கேட்டாள். பதில் எனக்குத் தெரியும். அந்தப் பதிலை எண்ணூறு பேருக்கு மேல் எழுதிப்போட்டிருக்கிறேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. போர்டுக்கு முன்னால் நிற்காமல், பதிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளிடம் நான் இதுவரை ஜெர்மன் பேசியதே இல்லை. காது சுட்டது. காய்ச்சல் வருகிற நாட்களில் இப்படித்தான் இருக்கும்.

லூர்து அவசரப்படுத்தவில்லை. எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தாள். ஊசி போட்டுக்கொள்ளப் பயப்படுகிறவர்களிடம் அவள் அப்படித்தான் இருப்பாள் போலிருக்கிறது. நான் இதுவரை பார்த்ததில்லை.

கடைசியில் ஏதோ சொன்னேன். தப்பும் தவறுமாக. அவள் புரிந்துகொண்டு, "அப்படியானால் வியாழன்?" என்று கேட்டாள்.

மே 22, புதன்

தினமும் உட்கார்கிறேன். நிஷாந்த் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. லூர்து அவனைப் பார்த்துச் சிரிக்கும்போது எரிச்சல் வருகிறது. குறைந்துவிட்டது என்று எழுதினால் பொய்.

மே 25, சனி

பரீட்சை கோயம்புத்தூரில். விடியற்காலை பஸ். வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். என்னைப்போல இன்னும் நாலைந்து கணவன்மார்.

வந்தாள்.

"என்ன தலைப்பு கொடுத்தாங்க?"

"தலைப்பு ஞாபகமில்லீங்க. எனக்கு ஜோடியா வந்த பொண்ணு மதுரையாம். நல்லாப் பேசுனா. பேசிட்டே இருந்தோம்."

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து கரூர் வரை தூங்கினாள்.

ஜூன் 7, வெள்ளி

எழுபத்தொன்பது.

ஆஸ்பத்திரியிலிருந்தும் பதில் வந்துவிட்டது. செப்டம்பரில் சேர வேண்டும். பயிலகத்தில் எல்லாரும் லட்டு சாப்பிட்டார்கள். நிஷாந்த் என்னிடம் கையை நீட்டினான், கொடுத்தேன். "ரெண்டு பேரும் நல்லாப் பண்ணீங்க சார்" என்றான். கோபம் போய்விட்டதா என்று கேட்கவில்லை.

எனக்குப் பெருமையாக இருக்கிறது. செப்டம்பருக்கு எத்தனை வாரம் என்று காலண்டரில் எண்ணியும் பார்த்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து, நெத்திலி வறுத்துச் சாப்பிட்டு, படுக்கலாம் என்று பார்த்தேன். லூர்து சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இரண்டு தாள்களைப் போட்டாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. நடுவில் மறைப்பாக அரிசி டப்பா.

"செப்டம்பர்ல ஒரு வாரம். என் ஷிஃப்ட் இதுல இருக்கு. உங்க கிளாஸ நீங்க எழுதிக்குங்க. அங்கயும் இங்கயும் மூணரை மணி நேரம் வித்தியாசம். தினமும் எப்பப் போன்ல பேசுறதுன்னு கண்டுபிடிக்கணும்." பிறகு ஜெர்மனுக்கு மாறினாள். "திங்கட்கிழமை?"

திங்கள் எளிது. என் வகுப்பு முடிந்து ஏழு மணிக்கு, அங்கே மூன்றரை. செவ்வாயும் அப்படியே. புதன் அவளுக்கு மதிய ஷிஃப்ட், அதனால் அங்கே காலை பத்து மணி. ஞாயிறு வந்தபோது, எப்போது ஒழியும் என்று கேட்டாள். நாள் முழுக்க ஒழிவுதான் என்று சொல்ல வந்தேன்.

வேறு ஏதோ வந்தது. ஞாயிறு மதியம் தனியாக இருப்பேன் என்றேன். யாரும் இருக்க மாட்டார்கள், பயமாக இருக்கும் என்றேன். அதற்குப் பிறகு நிற்கவில்லை. ஏப்ரலில் நீ மூன்று பேரிடம் பேசியதைக் கேட்டேன் என்றேன். நிஷாந்தைப் பார்த்துப் பொறாமை என்றேன். அந்த ஆஸ்பத்திரி மேல் பொறாமை, அங்கே உன் பேச்சைக் கேட்கப்போகிற நோயாளிகள் மேல் பொறாமை என்றேன். ஃபார்ம் விஷயத்தைச் சொன்னேன். நீ போகக் கூடாதென்று வேண்டிக்கொண்டதைச் சொன்னேன். தமிழில் என்றால் இதில் ஒரு வார்த்தைகூட வந்திருக்காது. இலக்கணம் போன இடம் தெரியவில்லை. அவள் கேட்டுக்கொண்டே, தாளுக்கடியில் எதையோ வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். நேரத்தைக் குறிக்கிறாள் என்று நினைத்தேன்.

"நீங்கள் பிறகு அங்கே வருவீர்களா?" என்று கேட்டாள்.

அங்கே ஐந்து வயதுக் குழந்தைகூட என்னைவிட நன்றாகப் பேசும் என்றேன்.

"அப்படியென்றால் அந்தக் குழந்தையோடு பேசுங்கள்" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டேனே, அதே சிரிப்பு. இந்தத் தடவை என் மேசையில்.

ஐந்து மணிக்கு டூட்டிக்குக் கிளம்பிப் போனாள். எழுதலாம் என்று இந்த டைரியை எடுத்தால் ஃபிரிட்ஜ் மேல் இல்லை, மேசை மேல் அவள் தாளுக்கடியில் இருந்தது. ஏப்ரல் 17 பக்கத்தின் ஓரம் மடித்திருந்தது. எல்லாவற்றையும் வாசித்திருக்கிறாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

இன்றைய பக்கத்தின் மேல்பாதி எனக்கு இல்லை. நீலப் பேனாவில் கோடுகள். நான்கு நேர்க்கோடு, ஐந்தாவது குறுக்கே. எண்ணினேன். எண்பத்தொன்று. அதற்குக் கீழே ஜெர்மனில் ஒரு வரி: 'ஒரு மணி நேரம் என்னோடு பேசினீர்கள்.'

அந்த வரியில் ஒரு பிழை இருக்கிறது. சிவப்புப் பேனா பக்கத்தில்தான் கிடந்தது. எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.